நர்சிங் சேரும் முன்: எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த வார்டு?

நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒருநாள் முழுக்க நான் நோயாளியாகப் படுத்திருந்தேன். பெண்கள் சர்ஜிக்கல் வார்டு, 14ஆம் கட்டில். குடல்வால் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் என்று என் கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. பக்கத்துக் கட்டிலில் என் ரூம்மேட், அவளுக்குப் பித்தப்பைக் கல். கல்லூரி அங்கீகாரத்துக்காக இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார்கள், கட்டில்கள் காலியாகத் தெரியக் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. மதியம் எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். வயிற்றில் ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாளே பிரியாணி சாப்பிட்ட நோயாளிகள் நாங்களாகத்தான் இருப்போம்.

அன்று விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு அடங்கியது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். ஒரு தாத்தாவுக்குக் கேனுலா (ரத்தக் குழாயில் மருந்து ஏற்றச் செருகும் சின்னக் குழாய்) போட மூன்று முறை குத்தினேன். மூன்றும் போச்சு. என்னைவிட ஒரு வயது சின்னவள், டிப்ளமோ முடித்தவள், வந்து ஒரே குத்தில் போட்டு பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு அதற்குள் ஒரு வருட அனுபவம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் நான்கு வருடம் பி.எஸ்சி. படித்தவள் நான்.

படித்த கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். இதை இப்போது எடுக்கக் காரணம் என் அக்கா மகள். பிளஸ் டூவில் உயிரியல் எடுத்துப் படித்தவள். மார்க் மோசமில்லை, ஆனால் அரசு நர்சிங் கல்லூரி பி.எஸ்சி. சீட்டுக்கு எட்டாது. சென்னை, மதுரை, சேலம் என்று அரசுக் கல்லூரிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம், போட்டியோ மாநிலம் முழுக்க. ஆகவே அவள் முன்னால் இருப்பவை வேறு நான்கு. வீட்டிலிருந்து பஸ்ஸில் 40 நிமிடத்தில் ஒரு தனியார் கல்லூரி பி.எஸ்சி., புதுக் கட்டடம், சொந்தமாக 100 கட்டில் ஆஸ்பத்திரி. ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு பழைய மிஷன் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த கல்லூரியில் பி.எஸ்சி. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியோடு இணைந்த நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம்., அதாவது டிப்ளமோ. அப்புறம், பெங்களூரில் சீட் வாங்கித் தருகிறேன் என்று வீட்டுக்கே வந்து காபி குடித்துவிட்டுப் போன ஏஜென்ட்.

ஏஜென்ட் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பெங்களூரில் நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, ஊர் பிரச்சினை இல்லை. "அட்டெண்டன்ஸ் நாங்க பாத்துக்கறோம்" என்று அவர் சொன்னதுதான் பிரச்சினை. நர்சிங் படிப்புக்கு விதி வகுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் சொல்வதன்படி தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும். அதற்கும் மேலே, பட்டம் கையில் வருவதற்குள் ஒவ்வொரு கிளினிக்கல் பகுதியிலும், அதாவது வார்டுப் பயிற்சியிலும், 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். தாத்தா இறந்தார், அம்மை போட்டது என்று லீவு எடுத்தாலும் அந்த டியூட்டியைப் பிறகு செய்துதான் தீர வேண்டும். அட்டெண்டன்ஸைப் பார்த்துக்கொள்கிறேன் என்பவர், ஊசி போடத் தெரியாத நர்ஸ் ஒருத்தியை உருவாக்கித் தருகிறேன் என்கிறார். அக்காவிடம் இதைச் சொன்னேன். காபித்தூள்தான் வீண் என்றாள்.

மீதி மூன்றுக்கு வருவோம்.

பாடம் எல்லா இடத்திலும் ஒன்றுதான்

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று: பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டம் கல்லூரிக்குக் கல்லூரி மாறுவதில்லை. நர்சிங் கவுன்சில் நாடு முழுவதற்கும் ஒன்றை வகுத்திருக்கிறது. 2021இல் அதைத் திருத்தி எட்டு செமஸ்டர்களாகப் பிரித்தார்கள். முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல், நர்சிங் அடிப்படை. அப்புறம் நுண்ணுயிரியல், மருந்தியல், பெரியவர்களுக்கான நர்சிங். அடுத்து குழந்தைகள், மனநலம், சமுதாய நலம், மகப்பேறு. கடைசி செமஸ்டர் 22 வாரம் முழுக்க இன்டர்ன்ஷிப். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் கேள்வித்தாளும் ஒன்றுதான். ஸ்மார்ட் போர்டில் படித்தாலும் கரும்பலகையில் படித்தாலும் மார்க் எடுக்கிற பெண் எடுத்துவிடுவாள். தமிழ்வழியில் படித்துவிட்டு வருபவர்களுக்கு முதல் ஆறு மாதம் ஆங்கிலம் தொண்டையில் நிற்கும், அது தானாக இறங்கிவிடும்.

இதே பாடத்திட்டத்தில் இன்னொரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மூன்றாம் செமஸ்டரில் பெரியவர்களுக்கான நர்சிங்கின் முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பறை 140 மணி நேரம். வார்டில் 480 மணி நேரம். மூன்று மடங்குக்கும் மேல். அதாவது நாம் கட்டும் ஃபீஸில் பெரும்பங்கு அந்த வார்டுக்குப் போகிறது. அந்த வார்டில் நோயாளி இல்லையென்றால்? என் 14ஆம் கட்டில்தான்.

வார்டில் என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். காலையில் நைட் டியூட்டி ஸ்டாஃப் ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போதே மாணவிகள் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூன்று நோயாளிகளைப் பிரித்துத் தருவார்கள். கட்டில் விரிப்பது, பல் துலக்கிவிடுவது, பி.பி., டெம்பரேச்சர், உள்ளே போன தண்ணீருக்கும் வெளியே வந்த சிறுநீருக்கும் கணக்கு, டிரெஸ்ஸிங், மருந்து. இடையில் டியூட்டர் வந்து "இந்த மருந்து ஏன்? இதைக் கொடுக்கும் முன் என்ன பார்க்கணும்?" என்று நிறுத்திக் கேட்பார். தெரியாவிட்டால் நோயாளிக்கு முன்னாலேயே மானம் போகும். ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து அந்த நோயாளிக்குக் கேர் பிளான் எழுத வேண்டும். இந்தச் சுற்று நான்கு வருடம் ஓடினால் ஒருத்தி நர்ஸ் ஆகிறாள். இதில் நோயாளி, டியூட்டர் என்ற இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சுற்று அறுந்துவிடும்.

40 நிமிடக் கல்லூரி

100 கட்டில் என்பது கவுன்சில் கேட்கும் குறைந்தபட்ச அளவு. அதில் 75 சதவீதமாவது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி இருக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. தாளில் எல்லாம் சரியாக இருக்கும். போன வாரம் அக்காவோடு நானும் போயிருந்தேன். பிரின்சிபல் அன்பாகப் பேசினார். லேப் அருமை, நிஜம்: பிரசவம் பார்க்கும் பொம்மை, சி.பி.ஆர். பொம்மை எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காத பளபளப்போடு. உறை பிரிக்காததுதான் எனக்கு இடித்தது. அப்படியே ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தோம். காலை 11 மணி. ஓ.பி.யில் ஆறு பேர். மெடிக்கல் வார்டில் விரிப்பு மடிப்புக் கலையாத கட்டில்கள் வரிசையாக.

இப்படிப்பட்ட இடங்கள் வெளி ஆஸ்பத்திரிகளுக்கு மாணவிகளை போஸ்டிங், அதாவது பயிற்சிக்கு, அனுப்பும். அனுப்பியே ஆக வேண்டும். இதில் நன்மையும் உண்டு. என் நான்கு வருடத்தில் உருப்படியாகக் கற்றது கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை போஸ்டிங்கில். 1794இல் தொடங்கிய இடம், மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் மாணவிகள் வருவார்கள். ஒரு அம்மாவோடு தினமும் அரை மணி நேரம் பேசி, பேசியதை அப்படியே எழுதி, நான் எங்கே தேவையில்லாமல் குறுக்கே பேசினேன் என்று டியூட்டர் சிவப்பு மையில் கோடு போட்டதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிரசவ வார்டு கதை வேறு. அரசு ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து போகும்போது நாம் விருந்தாளி. அங்கே ஏற்கெனவே அவர்களுடைய நர்சிங் மாணவிகள், ஹவுஸ் சர்ஜன்கள், இன்னும் மூன்று தனியார் கல்லூரிப் பிள்ளைகள். ஒரு பிரசவத்தைச் சுற்றி எட்டு தலை. எட்டிப் பார்த்தால் முன்னால் நிற்பவளின் தொப்பிதான் தெரியும். எங்கள் காலத்துப் பாடத்திட்டத்தில் 20 சாதாரண பிரசவம் பார்த்திருக்க வேண்டும். பார்த்த கேஸ்களைப் பதியும் என் கேஸ் புக்கில் 20 இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் குழந்தையின் எடைகூட எழுதியிருக்கிறேன். என் கையால் எடுத்தது மூன்று. மீதியை ஹாஸ்டலில் சீனியர் புத்தகத்தைப் பார்த்து எழுதினோம். இதை நான் மட்டும் செய்யவில்லை என்பது ஆறுதல் ஆகாது.

ஒரு விஷயம், சொந்த ஆஸ்பத்திரி பெரியதாகவும் பளிச்சென்றும் இருந்துவிட்டால் மட்டும் போதாது. நகரத்துப் பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகள் நடத்தும் கல்லூரிகளில் நோயாளிக்குக் குறைவில்லை, ஆனால் காசு கட்டி வந்தவர்கள் "ஸ்டூடண்ட் வேண்டாம், ஸ்டாஃப் வரட்டும்" என்பார்கள். அங்கே படித்த என் தோழி வெண்டிலேட்டர், இன்ஃபியூஷன் பம்ப் எல்லாவற்றையும் அறிவாள். கை கழுவும் முறையிலும் சார்ட் எழுதுவதிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் கேத்திட்டரை (சிறுநீர்க் குழாய்) மட்டும் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் போட்டாள்.

மிஷன் ஆஸ்பத்திரி

தென்னிந்தியாவில் நர்சிங் படிப்பை வளர்த்ததில் மிஷன் ஆஸ்பத்திரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946இல் நாட்டின் முதல் பி.எஸ்சி. நர்சிங் படிப்புகளில் ஒன்றும் அங்கேதான் வந்தது, இன்னொன்று டெல்லியில். வேலூரில் இன்றும் பாடம் நடத்தும் ஆசிரியைகளே வார்டுப் பொறுப்பிலும் இருக்கிறார்கள். இது சின்ன விஷயம் போலத் தெரியும். புத்தகத்தில் ஒன்று, வார்டில் வேறொன்று என்ற இடைவெளிதான் நர்சிங் மாணவியைக் குழப்பும் முதல் சங்கதி. வகுப்பில் சொன்னவரே மறுநாள் வார்டில் அதைச் செய்து காட்டினால் குழப்பத்துக்கு இடமில்லை.

அக்கா மகளுக்குக் கிடைக்கக்கூடிய கல்லூரி வேலூர் அளவுக்குப் பெரியதல்ல. ஆனால் ஆஸ்பத்திரி பழையது. சுற்றுவட்டாரக் கிராமங்கள் தலைமுறையாக அங்கேதான் பிரசவத்துக்கு வருகின்றன. நோயாளி உண்டு, தொட அனுமதி உண்டு, பக்கத்தில் நின்று பார்க்க ஆளும் உண்டு. மூன்றும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். விலையும் உண்டு: போன் கட்டுப்பாடு, காலை ஜெபம், ஹாஸ்டலை விட்டு வெளியே போக கையெழுத்து, சில இடங்களில் படித்து முடித்த பிறகு ஒன்றிரண்டு வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற பாண்ட். பாண்டைக் கண்டு அக்கா பயந்தாள். நான் பயப்படவில்லை. புதிதாக முடித்தவளுக்கு எங்கே போனாலும் முதல் வேலை அப்படித்தான் இருக்கும், தெரிந்த வார்டில் தெரிந்த சிஸ்டர்களோடு கழிந்தால் நல்லதே. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், பாண்டை முறித்தால் எவ்வளவு கட்ட வேண்டும், இரண்டையும் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில் டிப்ளமோ

ஜி.என்.எம். மூன்று வருடம், அதில் கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். அறிவியல் பிரிவு எடுக்காதவர்களும் சேரலாம். அரசுப் பள்ளி என்றால் செலவு மிகக் குறைவு, மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும் (பி.எஸ்சி. சேர்ந்தாலும் வரும்).

அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் பஞ்சமே இல்லை. 40 கட்டில் வார்டில் 60 பேர், மீதிப் பேர் பாயில். விஷம் குடித்தவர், பாம்பு கடித்தவர், எரிந்தவர், டெட்டனஸ் என்று புத்தகத்தில் படித்த எல்லாமே கண் முன்னால். எனக்குக் கேனுலா போட்டுக் காட்டிய அந்தப் பெண் இப்படிப்பட்ட இடத்தில் படித்தவள்தான். இரண்டாம் வருடத்திலேயே ஒரு காலைப் பொழுதில் முப்பது ஊசி போட்டதாகச் சொன்னாள்.

அவளே இன்னொன்றையும் சொன்னாள். கூட்டம் அதிகம் என்றால் குறுக்குவழியும் அதிகம். ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் 60 பேரைப் பார்க்கும்போது மாணவி படிக்க வந்தவள் என்பது மறந்துபோகும், கூடுதல் கையாகிவிடுவாள். டிராலி தள்ளுவது, ரத்த சாம்பிளைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவது, ரிப்போர்ட் வாங்கி வருவது. தவறாகச் செய்தால் திருத்த ஆள் இருக்காது, தவறான பழக்கம் கையில் ஒட்டிக்கொள்ளும். கையுறையை மாற்றாமல் அடுத்த கட்டிலுக்குப் போகும் பழக்கத்தைக் கைவிட அவளுக்கு இரண்டு வருடம் ஆனதாம். ஆகவே ஜி.என்.எம். என்றால் கை தேறும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். காலி ஆஸ்பத்திரியில் வாங்கும் பி.எஸ்சி.யைவிடத் தேறும் என்பதை மட்டும் சொல்வேன். என் சக பி.எஸ்சி.காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சரி, பட்டத்துக்கு மதிப்பே இல்லையா?

இருக்கிறது. எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கும் ஸ்டாஃப் நர்ஸ் பணிக்கு இரண்டு படிப்பும் செல்லும். ஒரே பதவி, ஒரே சம்பளம். தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்காகக் காத்திருந்து போராட்டத்தில் உட்கார்ந்தவர்களிலும் இரு தரப்பும் உண்டு. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கான நார்செட் தேர்வில் வித்தியாசம் வருகிறது. பி.எஸ்சி. முடித்தவர் நேராக எழுதலாம். ஜி.என்.எம். என்றால் குறைந்தது 50 கட்டில் ஆஸ்பத்திரியில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். (ஆண் பிள்ளைகள் கவனிக்க: அங்கே 80 சதவீத இடம் பெண்களுக்கு.) டியூட்டராகவோ பேராசிரியையாகவோ ஆக வேண்டும் என்றால் பட்டம் இல்லாமல் ஆகாது.

வெளிநாடு என்றால் சவுதி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கும்போது பெரும்பாலும் பி.எஸ்சி.தான் கேட்கிறார்கள். பிரிட்டன் இரண்டையும் ஏற்கும், ஆங்கிலத் தேர்வும் அவர்களுடைய எழுத்து, செய்முறைத் தேர்வுகளும் தாண்ட வேண்டும். அமெரிக்கா போக நினைப்பவர் எந்தப் பாடத்தில் வகுப்பு எத்தனை மணி, கிளினிக்கல் எத்தனை மணி என்று கல்லூரியிடமிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி அனுப்ப வேண்டும். அந்தச் சமயத்தில் கல்லூரி இழுத்து மூடியிருந்தால் என்ன பாடு என்று என் பேட்ச் பெண் ஒருத்தியைக் கேட்டால் தெரியும்.

டிப்ளமோவில் சேர்ந்தாலும் கதவு மூடிவிடுவதில்லை. இரண்டு வருட போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் பட்டம் வாங்கலாம். மூன்றும் இரண்டும் ஐந்து, நேரடிப் பட்டத்தைவிட ஒரு வருடம் கூடுதல். இடையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்துவிட்டுப் படிக்கலாம் என்பது வசதி. வேலைக்குப் போனபின் கல்யாணம், குழந்தை என்று படிப்பு தள்ளிப்போய்விடும் என்பதும் நிஜம். அந்தக் கேனுலா பெண் இன்னும் போஸ்ட் பேசிக் சேரவில்லை, வருடா வருடம் அடுத்த வருடம் என்கிறாள்.

ஒருவேளை நீட் எழுதியிருக்கும் பெண் என்றால் ராணுவ நர்சிங்கை மறக்க வேண்டாம். நீட் மதிப்பெண்ணை வைத்து எடுக்கிறார்கள், பெண்களுக்கு மட்டும். ராணுவ மருத்துவமனைக் கல்லூரிகளில் நான்கு வருடம் அரசு செலவில் படித்து அதிகாரியாகவே வெளியே வரலாம். அக்கா மகள் நீட் எழுதவில்லை.

என்னைக் கேட்டால்

முதலில் மிஷன் பி.எஸ்சி. அது கிடைக்காவிட்டால் அல்லது ஃபீஸ் கட்ட முடியாவிட்டால், அரசுப் பள்ளி ஜி.என்.எம். சேர்ந்து, வேலைக்குப் போன மூன்றாம் வருடத்துக்குள் போஸ்ட் பேசிக் முடித்துவிட வேண்டும், கல்யாணப் பேச்சு வந்தால் இதை நிபந்தனையாகவே வைக்கலாம். 40 நிமிடக் கல்லூரி எனக்கு மூன்றாவதுதான், அதுவும் மகப்பேறு போஸ்டிங் எங்கே, எத்தனை வாரம் என்பதற்கு நல்ல பதில் வந்தால். வீட்டில் உடம்பு முடியாத அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பெண்ணாக இருந்தால் வரிசையை நானே மாற்றுவேன்.

கல்லூரி பார்க்கப் போகிறவர்கள் அட்மிஷன் அறையில் அதிக நேரம் உட்கார வேண்டாம். கவுன்சில் இணையதளத்தில் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நேரில் போனால், முன்கூட்டிச் சொல்லாமல், ஒரு வேலை நாளில் காலை 11 மணிக்கு ஓ.பி. எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பிரசவ வார்டு வாசலில் உறவுக்காரர்கள் காத்திருக்கிறார்களா? வார்டில் மாணவிகளோடு டியூட்டர் நிற்கிறாரா, அல்லது பிள்ளைகள் மட்டும் நர்சிங் ஸ்டேஷன் ஓரமாக நின்று கேஸ் புக் எழுதுகிறார்களா? பத்து மாணவிக்கு ஒரு ஆசிரியை இருக்க வேண்டும் என்பது விதி. அப்புறம் கேன்டீனில் கடைசி வருடப் பிள்ளைகள் யாரையாவது பிடித்து, "எத்தனை பிரசவம் உன் கையால எடுத்த?" என்று கேளுங்கள். கேஸ் புக்கில் எத்தனை என்று கேட்காதீர்கள்.

அக்கா மகள் இந்தக் கேள்வியை 40 நிமிடக் கல்லூரியில் ஒரு பெண்ணிடம் கேட்டாள். அவள் சிரித்துவிட்டு, "பொம்மையையும் சேத்தா?" என்றாள். கவுன்சலிங் அடுத்த வாரம். அக்கா இன்னும் மிஷன் ஆஸ்பத்திரி ஊருக்கு நேர் பஸ் இருக்கிறதா, திண்டுக்கல்லில் இறங்கி மாற வேண்டுமா என்றுதான் விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.